கார்பெட் படிக்கு மரம்: தேய்ப்பதா, மூடுவதா, மாற்றுவதா?

நைந்துபோன கார்பெட்டை எடுத்துவிட்டு மரப்படி ஆக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "ஓக்கா, மேப்பிளா?" என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் தெரிய வேண்டியவை இரண்டு: கார்பெட்டுக்கு அடியில் என்ன பலகை இருக்கிறது, வேலை முடிந்த பின் முதல் படியின் உயரமும் கடைசிப் படியின் உயரமும் எவ்வளவு இருக்கும். இந்த இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால், இருக்கிற வழிகளில் பாதி தானாகவே கழன்றுவிடும். மிச்சத்தில் தேர்ந்தெடுப்பது சுலபம்.

பெயர்களை முதலில் சொல்லிவிடலாம். கால் வைக்கும் பலகை மிதிபலகை. இரண்டு மிதிபலகைகளுக்கு இடையில் செங்குத்தாக நிற்பது ரைசர். ரைசரைத் தாண்டி மிதிபலகை முன்னால் நீண்டிருக்கும் விளிம்பு படிமூக்கு. இரு பக்கமும் படிகளைத் தாங்கும் சாய்வான சட்டம் ஸ்ட்ரிங்கர்.

அடியில் என்ன இருக்கிறது

கார்பெட் முழுவதையும் கிழிக்க வேண்டியதில்லை. கீழ்ப்படியின் ரைசர் ஓரத்தைக் குறடால் பிடித்து இழுத்தால், கார்பெட்டைப் பிடித்து வைத்திருக்கும் ஊசிகள் கொண்ட ஆணிப்பட்டையிலிருந்து அது விடுபடும். ஒரு படியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கீழே ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என மூன்றையாவது திறந்து பாருங்கள். படிக்கட்டுக்கு அடியில் அலமாரியோ சாமான் அறையோ இருந்தால் டார்ச்சுடன் உள்ளே போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது. ஸ்ட்ரிங்கர் எந்த வகை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

பலகையின் வெட்டுமுகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். பெரிய மரச்செதில்களை அழுத்திச் செய்ததுபோல் இருந்தால் ஓஎஸ்பி. மரத்துகள்களைப் பசையில் குழைத்து அழுத்தியதுபோல் இருந்தால் பார்ட்டிக்கிள் போர்டு. வெட்டுமுகத்தில் வளையக் கோடுகள் ஓடினால் அது முழு மரம். முழு மரத்திலும் இரண்டு வகை உண்டு. நகத்தால் அழுத்தினால் தடம் விழுவது பைன், ஃபர் போன்ற மென்மரம். தடம் விழாதது ஓக், மேப்பிள் போன்ற வன்மரம்.

ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. தொடக்கத்திலேயே கார்பெட்டுக்காகக் கட்டிய சில படிக்கட்டுகளில், கார்பெட்டின் இரு பக்கமும் வெளியே தெரியும் ஓரங்களுக்கு மட்டும் ஓக் துண்டுகளைப் பொருத்தி, நடுவில் மலிவான பலகையைப் போட்டிருப்பார்கள். ஓரத்தை மட்டும் பார்த்து "அடியில் முழு ஓக் இருக்கிறது" என்று நம்பி கார்பெட்டைக் கிழித்த பிறகுதான் உண்மை தெரியும். அதனால் பார்ப்பது நடுப்பகுதியாக இருக்கட்டும்.

பழைய பெயின்ட் இருந்தால் தேய்ப்பதற்கு முன் ஈயச் சோதனை செய்யுங்கள். அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈயப் பெயின்ட் 1978இல்தான் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய வீட்டின் படிக்கட்டில் பெயின்ட் இருந்தால் அதை உலர்நிலையில் தேய்த்துத் தூசியாக்கக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் சமரசமே கிடையாது.

உயரக் கணக்கு

படியேறுபவரின் கால் முதல் இரண்டு மூன்று படிகளில் உயரத்தைப் பழகிக்கொள்கிறது. அதன் பிறகு கண் பார்ப்பதில்லை. ஒரு படி மட்டும் மாறினால் இறங்கும்போது குதிகால் தப்பும், ஏறும்போது பெருவிரல் இடிக்கும். அதனால்தான் அமெரிக்கக் குடியிருப்பு விதித்தொகுப்பான ஐஆர்சி, ஒரே படிக்கட்டில் மிக உயர்ந்த ரைசருக்கும் மிகத் தாழ்ந்த ரைசருக்கும் 9.5 மி.மீ.க்கு மேல் வேறுபாடு கூடாது என்கிறது. ஒரு ரைசர் 196 மி.மீ.யைத் தாண்டவும் கூடாது. வேறு நாடுகளில் எண்கள் மாறும். எல்லாப் படியும் ஒரே உயரம் என்ற கொள்கை மாறாது.

பழைய மிதிபலகையின் மேல் புதுப் பலகை ஒட்டுவதாக வைத்துக்கொள்வோம். எல்லாப் படியும் ஒரே அளவு உயர்வதால் நடுப்படிகளில் மாற்றம் எதுவும் இல்லை. மாறுவது இரண்டு முனைகள்தான். 14 ரைசர், ஒவ்வொன்றும் 186 மி.மீ., ஒட்டும் பலகை 18 மி.மீ. என்றால் முதல் ரைசர் 204 ஆகிவிடும், கடைசி ரைசர் 168 ஆகிவிடும். வேறுபாடு 36 மி.மீ. முதல் ரைசர் உச்ச வரம்பையும் தாண்டிவிட்டது. கண்ணுக்கு அழகாக இருக்கும் இந்தப் படிக்கட்டு யாரையாவது ஒருநாள் தள்ளிவிடும்.

ஆனால் கதை எப்போதும் இப்படி முடிவதில்லை. கீழும் மேலும் டைல்ஸோ மரத்தரையோ இருந்து, படியில் மட்டும் கார்பெட் இருக்கும் வீடுகளில், கட்டியவர் கார்பெட்டின் கனத்தையும் கணக்கில் சேர்த்திருக்கலாம். கார்பெட்டும் அதன் அடியில் விரித்த மெத்தையும் சேர்ந்து 15 மி.மீ. என்றால், வெறும் பலகைக்கு முதல் ரைசர் 171, கடைசி ரைசர் 201 என்று இருக்கும். அங்கே 18 மி.மீ. பலகை ஒட்டினால் 189, 183 என்று வரும். வேறுபாடு 6 மி.மீ.தான். இந்த வீட்டுக்கு மூடுவதுதான் சரியான வழி. இங்கே கார்பெட்டை எடுத்துவிட்டுப் பழைய மரத்தையே தேய்த்து வைத்தால்தான் தப்பாகப் போகும்: 171, 186, 201.

மூன்றாவது நிலை, படியோடு கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் புதுத் தரை போடுவது. புதுத் தரையின் கனமும் ஒட்டும் பலகையின் கனமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் எல்லாம் சேர்ந்து உயர்ந்து கணக்கு சமமாகிவிடும்.

ஆகவே அளவெடுப்பதை ஊகத்தில் விடாதீர்கள். கார்பெட்டை எடுத்த பிறகு எல்லா ரைசரையும் அளந்து, மிதிபலகையின் மேற்பரப்பிலிருந்து அடுத்த மேற்பரப்பு வரை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். தரை கடைசியில் எந்த உயரத்தில் நிற்கப்போகிறதோ அதை வைத்துக் கணக்கிடுங்கள், இன்று இருப்பதை வைத்தல்ல. பலகை வாங்குவது அதற்குப் பிறகு.

இருக்கும் மரத்தையே தேய்த்து மெருகேற்றுவது

அடியில் முழு வன்மரம் இருந்து உயரமும் ஒத்துவந்தால் வேறு வழியை யோசிக்கவே வேண்டாம். செலவு குறைவு, படிக்கட்டின் உறுதி அப்படியே இருக்கும், கைப்பிடிக் கம்பிகளைத் தொட வேண்டியதில்லை. ஆனால் உடலுழைப்பு இதில்தான் மிக அதிகம். அதில் பெரும்பகுதி தேய்ப்பதற்கு முன்பே முடிந்துவிடும்.

கார்பெட்டைக் கத்தியால் படி படியாக வெட்டிச் சுருட்டி எடுங்கள். மிதிபலகையின் பின்னோரத்திலும் ரைசரின் அடியிலும் ஆணிப்பட்டை இருக்கும். மேல்நோக்கிச் சாய்ந்த ஊசிகள் கொண்ட மெல்லிய மரப்பட்டை அது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. தட்டையான கடப்பாரையைப் பட்டையை அடித்திருக்கும் ஆணிக்கு நேர் அடியில் செருகி நெம்புங்கள். வேறு இடத்தில் நெம்பினால் பட்டை பிளந்து துண்டு துண்டாக வரும். நெம்பும்போது கடப்பாரைக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு வைத்தால் மரத்தில் குழி விழாது.

அடுத்தது ஸ்டேப்ளர் பின்கள். மெத்தையைப் பிடித்து வைக்க ஒரு படிக்கே பல டஜன் அடித்திருப்பார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று தோன்றும்போது ஒரு பழைய நைலான் காலுறையைப் பலகையின் மேல் இழுத்துப் பாருங்கள். அது மாட்டும் இடத்தில் பின் இருக்கிறது. விட்டுப்போன ஒரு பின், மரத்தைத் தேய்க்கும் சாண்டர் மெஷினின் தாளைக் கிழித்துவிடும்.

கிறீச்சிடும் படியைச் சரிசெய்வதற்கு இதுவே நேரம். மிதிபலகை தளர்ந்து ஆணியோடும் ரைசரோடும் உரசுவதுதான் அந்தச் சத்தம். கீழிருந்து எட்ட முடிந்தால் மிதிபலகைக்கும் ரைசருக்கும் இடையிலான மூலையில் பசை தடவிய மரக்கட்டைகளை வைத்து ஸ்க்ரூ போடுங்கள். எட்ட முடியாவிட்டால் மேலிருந்து ஸ்ட்ரிங்கருக்குள் ஸ்க்ரூ இறக்கி, தலையை அதே மரத்தின் சிறு முளையால் மூடலாம். கார்பெட் இத்தனை காலம் விழுங்கிவந்த சத்தம் வெறும் மரத்தில் இரண்டு மடங்காகக் கேட்கும்.

தேய்ப்பதற்கு 40ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 60, 80 என்று போய் 100 அல்லது 120இல் நிறுத்துங்கள். இடையில் ஒரு எண்ணைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் அப்படியே நிற்கும். சாயம் பூசியதும் வட்ட வட்டமாகக் கண்ணில் படும். 120க்கு மேல் போனால் மரம் வழவழத்துச் சாயத்தைக் குடிக்காது. வட்ட சாண்டர் மூலைகளுக்குள் போகாது. அங்கே கார்பைடு அலகு கொண்ட சுரண்டியால் மர இழையின் திசையில் இழுத்துச் சுரண்டி, கையால் தேய்க்க வேண்டும். மிதிபலகைக்கு ஆகும் நேரத்தில் பாதிக்குமேல் இந்த மூலைகள்தான் தின்னும். 13 மிதிபலகை உள்ள படிக்கட்டுக்கு 40ஆம் எண்ணில் ஒரு படிக்கு இரண்டு வட்டத்தாள், மற்ற எண்களில் ஒவ்வொன்று என்று வைத்துக்கொண்டால் 65 தாள் வரை ஆகும். படிமூக்கின் வளைவை மெஷினால் தேய்க்காதீர்கள், தட்டையாகிவிடும். உப்புத்தாளைக் கையில் பிடித்து வளைவோடு ஓட்டுங்கள்.

ஓக்கில் நீலக் கறுப்பாகத் தெரியும் கறை, பெரும்பாலும் இரும்பு ஆணியும் ஈரமும் மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து உண்டாக்கியது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் அதை நன்றாகவே வெளுக்கும். அமிலத்தைக் கையுறையோடு பூசி, பிறகு தண்ணீரால் நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவிட வேண்டும். காய்ந்த அமிலத் தூள் மூச்சில் போகக் கூடாது. வளர்ப்புப் பிராணிகளின் சிறுநீர் ஆழமாக இறங்கியிருந்தால் அமிலமும் உப்புத்தாளும் முழுதாக எடுக்காது. அத்தகைய படி ஒன்றிரண்டுதான் என்றால் அவற்றை மட்டும் மாற்றலாம். பாதிக்குமேல் அப்படி என்றால் அடர்ந்த சாயம் பூசுங்கள், இல்லாவிட்டால் மூடுங்கள்.

ஆணித்துளைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. துளை அடைக்கும் மரப்பட்டி சாயத்தை மரம்போல் குடிக்காது. துளைகளை முதலில் அடைத்துவிட்டுச் சாயம் பூசினால் படியெங்கும் வெளிர் புள்ளிகள் தெரியும். சாயமும் முதல் பூச்சும் முடிந்த பிறகு, அந்த நிறத்துக்கே ஒத்த பட்டியால் அடைப்பது மேல். பெரிய ஆணிக்குழிகளுக்கு மட்டும் முன்னதாகவே எபாக்சி போடலாம்.

மென்மரம் என்றால்? பைனைத் தேய்ப்பது சுலபம், சாயம் பூசுவது கடினம். நிறம் திட்டுத்திட்டாக ஏறும். சாயத்துக்கு முன் ஷெல்லாக் எனும் மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்று போட்டால் ஓரளவு சீராகும். அதன் பிறகும் செருப்புக் குதிகாலும் நாயின் நகமும் பைனில் பதிந்துகொண்டே இருக்கும். அந்தத் தழும்புகளை ரசிப்பவர்களுக்கு அது குறையே அல்ல. மற்றவர்களுக்குப் பின்னால் சொல்லும் பெயின்ட் வழி பொருந்தும்.

மேலே புதுப் பலகை ஒட்டி மூடுவது

அடியில் பிளைவுட், ஓஎஸ்பி அல்லது வீங்காத பார்ட்டிக்கிள் போர்டு இருந்து, உயரக் கணக்கும் இடம்கொடுத்தால் இது நல்ல வழி. படிமூக்கோடு சேர்த்துச் செய்த மெல்லிய மிதிபலகைகள் இதற்கென்றே தயாராகக் கிடைக்கின்றன, பெரும்பாலும் 16 முதல் 19 மி.மீ. வரை கனத்தில். முன்பக்க மூக்கு மட்டும் தடிமனாக இருப்பதால் முழுப் பலகை போலவே தெரியும்.

முதலில் பழைய படிமூக்கை ரைசரின் முகத்துக்கு நேராக வெட்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது மூக்கு அதற்கும் வெளியே நீண்டு காலில் இடிக்கும். நீளவாக்கில் ஜிக்சாவோ வட்டரம்பமோ போதும். சுவரோரத்தில் கடைசி சில சென்டிமீட்டருக்கு அவை எட்டாது. அங்கே அதிரும் சிறு அலகுள்ள மல்டிடூல் அல்லது கைரம்பமும் உளியும் வேண்டும். பார்ட்டிக்கிள் போர்டை வெட்டும்போது விளிம்பு பொடிந்தால் பொடிந்த பகுதியைச் சுரண்டிவிட்டுப் பசையால் உறுதிப்படுத்துங்கள். பொடிந்த விளிம்பின் மேல் ஒட்டிய பலகை முன்பக்கத்தில் தொங்கி நின்று, காலின் எடையில் ஆடும்.

வேலை வரிசை கீழிருந்து மேல்: முதல் ரைசர், முதல் மிதிபலகை, இரண்டாம் ரைசர், இரண்டாம் மிதிபலகை. ஒவ்வொரு ரைசரும் கீழ் மிதிபலகையின் பின்னோரத்தின் மேல் உட்காருவதால் அங்கே உள்ள இடைவெளி மறைந்துவிடும். ரைசருக்கு 6 மி.மீ. பிளைவுட் போதும், வெள்ளைப் பெயின்ட் அடித்தால் கண்ணுக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் அந்த 6 மி.மீ. படிமூக்கின் நீட்டத்திலிருந்து கழியும் என்பதை மறக்காதீர்கள். புது ரைசரின் முகத்திலிருந்து 25 முதல் 30 மி.மீ. வரை மூக்கு நீண்டிருக்க வேண்டும், எல்லாப் படியிலும் ஒரே அளவு.

எந்தப் படிக்கட்டும் நேரான செவ்வகம் அல்ல. ஒரு படியை அளந்து பதின்மூன்றையும் ஒரே அளவில் வெட்டினால் பாதிக்கு மேல் வீணாகும். இரு முனைகளும் திரும்பக்கூடிய படிக்கட்டு அளவுகோல் ஒன்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியின் இடவலக் கோணத்தையும் தனித்தனியாக எடுங்கள். அது இல்லாவிட்டால் கெட்டியான அட்டையில் மாதிரி வெட்டிக்கொள்ளலாம். வெட்டும்போது ரம்பத்தை 2 அல்லது 3 பாகை உள்நோக்கிச் சாய்த்தால் அடிப்பக்கம் சற்றுக் குறுகி, மேல்விளிம்பு மட்டும் சுவரோரப் பலகையோடு இறுக்கமாகச் சேரும்.

பசை போடுவதற்கு முன் வெறுமனே வைத்து நான்கு மூலைகளையும் அழுத்திப் பாருங்கள். ஆடினால் மேட்டைத் தேய்க்க வேண்டும், பள்ளத்துக்கு ஆப்பு வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் "பசை நிரப்பிவிடும்" என்று விட்டுவிடுவதால்தான் மூடிய படிகள் வெற்றொலி எழுப்புகின்றன. பசை பாலியூரித்தேன் வகையாக, காய்ந்த பின்னும் சற்று நெகிழ்வதாக இருக்கட்டும். 300 மி.லி. குழாய் ஒன்று இரண்டு மூன்று படிக்கு வரும். 13 படிக்கு ஆறு குழாய் வாங்கிக்கொள்ளுங்கள். ஆணி பலகையை அசையாமல் பிடித்துக்கொள்ளத்தான், தாங்குவது பசை. ஒட்டிய படியில் ஒருநாள் யாரும் மிதிக்கக் கூடாது.

மிக அதிகமாக மறக்கப்படுவது மேல்தள விளிம்பு. எல்லா மிதிபலகைக்கும் புது மூக்கு வந்துவிடும், லேண்டிங்கின் ஓரத்தில் பழையதே நிற்கும். பலகை வாங்கும்போதே அதே மரத்தில், அதே வளைவில் லேண்டிங்குக்கான மூக்குத் துண்டையும் சேர்த்து வாங்குங்கள்.

ஒருபக்கம் திறந்த படிக்கட்டில் வேலை இரட்டிப்பு. கைப்பிடிக் கம்பிகள் மிதிபலகையில் நிற்பதால் அவற்றைக் கழற்றி, புதுப் பலகையின் கனத்துக்கு அடியில் குறைத்து, மறுபடி நிறுத்த வேண்டும். கைப்பிடி அதே இடத்தில் இருக்க, மிதிபலகை மட்டும் உயர்வதால் கைப்பிடியின் உயரமும் குறையும். படிமூக்கிலிருந்து 870 மி.மீ. இருந்தது 852 ஆகிவிடும். ஐஆர்சி கேட்பது குறைந்தது 864.

பழையதைக் கழற்றிப் புது மிதிபலகை போடுவது

வெறும் பலகையின் உயரங்கள் ஏற்கெனவே ஒத்திருந்து, முன்பு இருந்த கனத்திலேயே புதுப் பலகை வந்தால் உயரச் சிக்கல் எழாது. அந்த ஒரு காரணத்துக்காகவே, அடியிலிருந்து எட்ட முடிகிற படிக்கட்டுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான், வேலை கூடுதலாக இருந்தாலும். வீங்கிய பார்ட்டிக்கிள் போர்டு, விரிசல் விட்ட பலகை, நாற்றம் ஏறிய பலகை ஆகியவற்றுக்கும் வேறு வழியில்லை.

எல்லாம் ஸ்ட்ரிங்கர் வகையைப் பொறுத்தது. ரம்பப்பல்போல் வெட்டிய ஸ்ட்ரிங்கரின் மேல் மிதிபலகை உட்கார்ந்திருந்தால் மேலிருந்தே கழற்றிவிடலாம். மிதிபலகைக்கும் ரைசருக்கும் இடையில் உலோகம் வெட்டும் அலகு போட்ட ரெசிப்ரோ ரம்பத்தை நுழைத்து ஆணிகளை அறுத்துவிட்டால், படிமூக்கின் அடியில் மேல்நோக்கிச் சுத்தியலால் தட்டக் கிளம்பிவிடும். மாறாக, ஸ்ட்ரிங்கரில் பள்ளம் வெட்டி அதற்குள் மிதிபலகையைச் செருகி, அடியில் பசையோடு ஆப்பு அடித்திருந்தால் புதுப் பலகை கீழிருந்துதான் உள்ளே போகும். அடிப்பக்கம் கூரைப் பலகையால் மூடியிருந்தால் அதைத் திறக்காமல் முடியாது. அந்த நிலையில் மூடும் வழிக்கே திரும்பிவிடுவது புத்திசாலித்தனம்.

எல்லா மிதிபலகையையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஸ்ட்ரிங்கர்களைச் சேர்த்துப் பிடித்திருப்பவை அவைதான். வெறுமையாக விட்டால் சட்டம் விலகும். மேல்மாடியில் இருப்பவர் அங்கேயே மாட்டிக்கொள்வதும் உண்டு. ஒன்றிரண்டு கழற்றி, அவற்றைப் பொருத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

வன்மர மிதிபலகையின் வழக்கமான கனம் 25 முதல் 27 மி.மீ. பழையதும் 25 என்றால் நேராக மாற்றிவிடலாம். பழையது 38 மி.மீ. கட்டுமானப் பலகை என்றால், புதுப் பலகைக்கு அடியில் 12 அல்லது 13 மி.மீ. பிளைவுட் வைத்து உயரத்தை நிரப்ப வேண்டும். ஸ்ட்ரிங்கரின் தாங்குமுகம் மட்டமாக இருக்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பார்த்து, பசை போட்டு, ஒவ்வொரு ஸ்ட்ரிங்கரிலும் இரண்டு ஸ்க்ரூ இறக்குங்கள். வன்மரத்தில் முன்துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் பலகை முனையில் பிளக்கும். 10 மி.மீ. முளையால் தலையை மூடும்போது முளையின் இழை பலகையின் இழையோடு ஒத்துப்போகட்டும்.

பலகையின் அசைவுக்கு இடம் விட வேண்டும். 280 மி.மீ. அகலமுள்ள, தட்டையாக அறுத்த சிவப்பு ஓக் பலகையில் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் அகலம் ஏறக்குறைய 4 மி.மீ. கூடும் அல்லது குறையும். முன்பக்கத்தை இறுக்கிவிட்டு, பின்பக்கத்தில் 2, 3 மி.மீ. விட்டு, அதை ரைசரால் மறைத்தால் பலகை வெடிக்காது. இதே காரணத்துக்காகப் பலகைகளைப் பொருத்துவதற்குச் சில நாள் முன்பே வீட்டுக்குள் கொண்டுவந்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, வீட்டின் ஈரப்பதத்துக்குப் பழகவிட வேண்டும். வெயில் காயும் கொட்டகையிலிருந்து நேராகப் படிக்கு வந்த பலகை முதல் பருவ மாற்றத்திலேயே வளையும்.

தரைப்பலகையும் தனி மூக்கும்

அறையில் போட்ட லேமினேட், வினைல் பலகைகளையே படியிலும் போட்டு முன்னால் மூக்குப் பட்டை வைப்பது பலருக்குப் பிடித்த யோசனை. நிறம் ஒத்துப்போகும், உண்மைதான். ஆனால் படியில் தேய்மானமும் அதிர்வும் அதிகம் விழும் இடம் படிமூக்கு. அங்கேயே இணைப்பு வருகிறது. ஒன்றோடொன்று கொளுவும் பலகைகள் தரையில் மிதக்கலாம், படியில் மிதக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் முழுக்க ஒட்ட வேண்டும். பலகையின் மேல் ஏறி உட்காரும் மூக்குப் பட்டை சில மில்லிமீட்டர் மேடாக நிற்பதால் இறங்கும் காலில் தட்டும். போட்டே ஆக வேண்டும் என்றால் பலகையோடு சமமாக நிற்கும் மூக்கையே வாங்குங்கள். அதிகம் நடமாட்டம் இல்லாத மாடிப் பரணுக்கு இது போதும். வீட்டின் முதன்மைப் படிக்கட்டுக்கு நாங்கள் சொல்ல மாட்டோம்.

பெயின்டும் ரன்னரும்

குறைத்து மதிப்பிடப்படும் வழி இது. அடியில் பைன் அல்லது சுமாரான பலகை இருந்து, உயரமும் சரியாக இருந்தால், ஓரங்களுக்குப் பெயின்ட் அடித்து நடுவில் ரன்னர் எனப்படும் நீளக் கம்பளத்தை ஓடவிடலாம். 90 செ.மீ. அகலப் படிக்கு 60 முதல் 70 செ.மீ. ரன்னர் போதும், இரு பக்கமும் 10 முதல் 15 செ.மீ. தெரியும். நடுவில் உள்ள கறை, துளை, ஒட்டு எல்லாம் மறைந்துவிடும். தேய்க்கும் வேலை பாதியாகும். வழுக்காது, சத்தம் குறையும். முதியவர், கைக்குழந்தை, நாய் இவற்றில் ஏதாவது ஒன்று உள்ள வீட்டுக்கு, அடியில் அழகான ஓக்கே இருந்தாலும்கூட ரன்னரை யோசிக்கத்தான் வேண்டும்.

பைனின் முடிச்சுகளிலிருந்து பிசின் கசிந்து வெள்ளைப் பெயின்டில் மஞ்சள் திட்டு விழும். ஷெல்லாக் பிரைமர் அதைத் தடுக்கும். பழைய சிறுநீர் வாடையையும் அது அடைத்துவிடும். மேல் பெயின்ட் தரைக்கென்று விற்கும் எனாமலாக இருக்கட்டும். சுவர்ப் பெயின்ட் படியில் ஒரு பருவம்கூடத் தாங்காது.

மரம், பூச்சு, வழுக்கல்

இப்போதுதான் மரத்தின் கேள்வி. ஜாங்கா என்ற கடினச் சோதனையில், பவுண்டு விசைக் கணக்கில், வெள்ளைப் பைன் 380, டக்ளஸ் ஃபர் 660, கறுப்பு வால்நட் 1010, சிவப்பு ஓக் 1290, வெள்ளை ஓக் 1360, ஹார்டு மேப்பிள் 1450. ஆயிரத்துக்கு மேல் எதுவும் படிக்குத் தாங்கும். ஓக்கின் ஓடும் ரேகை கீறலை மறைக்கும். மேப்பிள் அதைவிடக் கடினம் என்றாலும் அதன் வெற்று முகத்தில் ஒரு கீறல்கூடத் தெரியும், சாயமும் திட்டாக ஏறும். கடினத்தை மட்டும் பார்த்து மரம் வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

பூச்சில், நீர் வகைப் பாலியூரித்தேன் 2 முதல் 4 மணி நேரத்தில் அடுத்த பூச்சை ஏற்கும், நிறம் மாறாது, வாடை குறைவு. எண்ணெய் வகை ஒரு நாள் வரை எடுக்கும், மரத்துக்குத் தேன் நிறம் தரும். கடின மெழுகெண்ணெய் தேய்ந்த இடத்தை மட்டும் திரும்பப் பூசிக்கொள்ள இடம்கொடுக்கும், பராமரிப்பும் கேட்கும். 13 மிதிபலகையும் 14 ரைசரும் சேர்ந்து ஐந்தரை சதுர மீட்டர். நான்கு பூச்சுக்கு 22. ஒரு லிட்டர் 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும் என்பதால் இரண்டு லிட்டர் டின் போதும், சிந்துவதற்குச் சேர்த்துச் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஒரே படிக்கட்டு என்றால் ஒன்று விட்டு ஒன்று பூசி, காய்ந்த பிறகு மற்றதைப் பூசுங்கள். இரண்டிரண்டு படியாகத் தாண்டுவது முதியவருக்கும் சிறுவருக்கும் ஆகாது. அவர்கள் அந்த நாட்களில் கீழ்த்தளத்தில் இருந்துவிடுவது நல்லது. எந்தப் படி ஈரம் என்று டேப் ஒட்டி வையுங்கள்.

கண்ணாடிபோல் மின்னும் பூச்சு கீறலைக் காட்டிக்கொடுக்கும். பாதி மின்னும் பூச்சோ மின்னாத பூச்சோ படிக்கு ஏற்றது. காலுறையோடு ஓடும் பிள்ளைகள் இருந்தால் கடைசிப் பூச்சில் நுண்ணிய வழுக்கல் தடுப்புத் துகளைக் கலந்து, படிமூக்கிலிருந்து 10 செ.மீ. வரைக்கும் பூசினால் பிடிமானம் கூடும். முழுப் படிக்கும் பூசினால் துடைப்பது தொல்லை.

எண்ணெய் வகைச் சாயமோ பூச்சோ துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். காயும் எண்ணெய் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் வெளியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் அமுக்கி மூடி வையுங்கள். ரன்னர் விரிக்க நீர் வகைப் பூச்சுக்கு இரண்டு வாரமும் எண்ணெய் வகைக்கு ஒரு மாதமும் பொறுங்கள். டின்னில் அதைவிடக் கூடுதல் நாள் எழுதியிருந்தால் டின்னைப் பின்பற்றுங்கள். முழுதாக இறுகாத பூச்சின் மேல் ரப்பர் அடி கொண்ட மெத்தை விழுந்தால் ஒட்டிக்கொண்டு நிறம் மாறிவிடும், அந்தப் படியை மறுபடி தேய்க்க வேண்டிவரும்.